டூமுக்குச் சாவே கிடையாதா?

கேள்வி: 1993இல் வந்த டூம் கேமை இன்றும் கால்குலேட்டரில்கூட ஓட்டிக் காட்டுகிறார்கள். நான் காசு கொடுத்து வாங்கிய கேம் மட்டும், கம்பெனி சர்வரை மூடியதும் திறக்கவே மாட்டேன் என்கிறதே?

பதில்: டூமின் மூல நிரலை, அதாவது கேமை எழுதிய கோடை, அதை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1997 டிசம்பரிலேயே வெளியிட்டுவிட்டது. பெரும்பகுதி சி என்ற நிரல் மொழியில் இருப்பதால், சின்ன பிராசஸரும் ஒரு திரையும் கிடைத்தால் போதும், யாராவது உட்கார்ந்து அதற்கேற்ப மாற்றி ஓட்டிவிடுகிறார்கள். உங்கள் கேம் அப்படியில்லை, தனியாக ஆடினாலும் சர்வரைக் கேட்டுத்தான் தொடங்கும், சேவ் கோப்பும் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. சரி, சர்வர் நடத்தச் செலவாகும், மூடட்டும். மூடும்போது சர்வர் மென்பொருளையாவது ஆடுகிறவர்களிடம் கொடுத்துவிட்டுப் போகலாமே? 1996இல் வந்த குவேக் என்ற கேமை இன்றும் சொந்த சர்வர் வைத்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.