அரையாண்டு விடுமுறைக்குப் பின் மூன்றாம் வகுப்பு

வணக்கம். அரையாண்டு விடுமுறை முடிந்து வந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள், கணக்குப் பாடவேளை காலைக்கு மாறியதால் குழம்பி நிலைகொள்ளாமல் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். முதல் இரண்டு நாள்கள் புதுப் பாடம் தொடங்காமல், திருத்திய விடைத்தாள்களைக் கொடுத்து, பலரும் தவறவிட்ட கணக்குகளை எல்லோருமாகச் செய்யும்படி விடுங்கள். புதிய கால அட்டவணையைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, மணி அடித்ததும் முடிந்த பாடவேளையை ஒரு பிள்ளையே அழிக்கும்படி செய்தால், அடுத்து என்ன பாடம் என்ற கேள்வி தானாகக் குறைந்துவிடும். வரிசையில் நிற்பது, வீட்டுப்பாட நோட்டுகளை அடுக்குவது ஆகியவற்றை ஜூன் மாதத்தில் செய்தது போலவே மறுபடியும் செய்து காட்டுங்கள். அதட்டிப் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. ஜனவரி நடுவில் பொங்கல் விடுமுறை வந்து இந்தப் பழக்கத்தை மீண்டும் கலைக்கும் என்பதால், பிள்ளைகளை இடம் மாற்றி உட்கார வைப்பதைப் பொங்கலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.