தேய்க்காத காகிதம் ஏன் ஒட்டுகிறது?

கேள்வி: தலை சீவிய பிளாஸ்டிக் சீப்பு காகிதத் துணுக்குகளை இழுக்கிறது. சீப்பைத்தானே முடியில் தேய்த்தோம், காகிதத்தை எதிலும் தேய்க்கவில்லையே? ஒட்டிய துணுக்குகளில் சில உடனே தெறித்து விழுவது ஏன்?
– பத்தாம் வகுப்பு மாணவி, தேனி

பதில்: சீப்பு மின்னூட்டம் பெற்ற வழி வேறு, காகிதம் இழுக்கப்படும் வழி வேறு. வெவ்வேறு பொருள்கள் இரண்டு நெருங்கித் தொட்டுப் பிரியும்போது, ஒன்றின் பரப்பிலிருந்து சில எலக்ட்ரான்கள் மற்றதற்குப் போய்விடுகின்றன. தேய்ப்பதால் தொடும் இடங்கள் பெருகுகின்றன, அவ்வளவே. முடி இழந்த எலக்ட்ரான்களைப் பெற்றுச் சீப்பு எதிர் மின்னூட்டமும், முடி அதே அளவு நேர் மின்னூட்டமும் அடைகின்றன. (எண்ணெய் தடவிய தலையைச் சீவிவிட்டு எதுவும் நடக்கவில்லை என்று குறைப்படக் கூடாது, ஈரப்பதம் மிகுந்த நாளிலும் இது சரியாக வராது.)

காகிதத்தில் இரு வகை மின்னூட்டங்களும் சம அளவில் உள்ளன. சீப்பு அருகில் வந்ததும் அதன் எதிர் மின்னூட்டம் காகிதத்தின் எலக்ட்ரான்களை விலக்குவதால், சீப்பை நோக்கிய பக்கம் நேராகவும் மறுபக்கம் எதிராகவும் ஆகின்றன. இதுவே நிலைமின் தூண்டல். தொலைவு இரு மடங்கானால் விசை நான்கில் ஒன்றாகக் குறையும் என்று 1785-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் கூலூம் அளந்து காட்டினார். ஆகவே அருகிலுள்ள நேர்ப்பக்கத்தின் மீதான கவர்ச்சி, சற்றே தள்ளியுள்ள எதிர்ப்பக்கத்தின் மீதான விலக்கத்தை வென்றுவிடுகிறது. ஒட்டிய துணுக்கு சீப்பிலிருந்து சிறிது மின்னூட்டத்தைத் தானும் பெற்றுக்கொள்கிறது. இரண்டும் ஒரே வகை ஆனதும் தெறித்து விழுகிறது. காகிதத்துக்குப் பதில் அலுமினியத் தாள் துணுக்கைப் போட்டுப் பாருங்கள், தொட்ட கணத்திலேயே துள்ளும்.

கேள்வி: தேய்க்காமலும், மின்னேறிய பொருளால் தொடாமலும் ஓர் உலோகத்துக்கு நிலையான மின்னூட்டம் தர முடியுமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: முடியும். எவர்சில்வர் டம்ளர் ஒன்றை உலர்ந்த தெர்மோகோல் மீது வைத்து, கம்பளியில் தேய்த்து எதிர் மின்னூட்டம் பெற்ற பி.வி.சி. குழாயை அதனருகே தொடாமல் பிடியுங்கள். அந்நிலையிலேயே டம்ளரை ஒரு விரலால் தொட்டால், விலக்கப்பட்ட எலக்ட்ரான்கள் உங்கள் உடல் வழியே வெளியேறும். முதலில் விரலையும் பிறகு குழாயையும் எடுக்க வேண்டும். வரிசை மாறினால் போன எலக்ட்ரான்கள் திரும்பிவந்து எல்லாம் வீணாகும். டம்ளரில் மிஞ்சுவது குழாய்க்கு நேர்மாறான நேர் மின்னூட்டம். அதைச் சோதிக்கக் கவர்ச்சி போதாது, ஏனெனில் மின்னேறாத பொருளும் கவரப்படும். விலக்கமே உறுதியான சான்று.

சுவீடனின் வில்க்கே 1762-இல் கண்டு, இத்தாலியின் வோல்ட்டா 1775-இல் செம்மைப்படுத்திப் பரப்பிய எலக்ட்ரோபோரஸ் என்னும் கருவி இதே முறையில் இயங்கியது. ஒருமுறை தேய்த்த பிசின் தட்டின் மின்னூட்டம் செலவாகாமலேயே, அதன் மீது வைக்கும் உலோக மேல்தட்டை மீண்டும் மீண்டும் மின்னேற்றலாம். அதற்கான ஆற்றல் பிசினிலிருந்து வருவதில்லை. கவர்ச்சியை எதிர்த்து மேல்தட்டைத் தூக்கும் கை செய்யும் வேலையே மின்னாற்றலாகிறது.