குளிர்காலத்தில் வார நடுவில் நடக்கும் ஹோம் மேட்சுக்குக் கால்பந்து ரசிகர்கள் ஏன் வருவதில்லை?

ஓசூர்க்காரன் நான். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. பெங்களூரு எஃப்சி கால்பந்து அணியின் ரசிகன். "டீமுக்காக உயிரைக் கொடுப்போம் என்கிறவர்கள், டிசம்பர் ஜனவரியில் புதன்கிழமை ராத்திரி மேட்ச் என்றால் மட்டும் எங்கே போய்விடுகிறார்கள்? வெளியூர் ஆட்டம்கூட இல்லை, சொந்த மைதானம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் காலி நாற்காலிகளில் ஒன்று என்னுடையது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஒரு வேடிக்கை. நான் ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பார்த்த முதல் பெரிய ஆட்டமே ஒரு புதன்கிழமை ராத்திரிதான். 2016 அக்டோபர் 19, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம், ஆசிய கிளப்புகள் மோதும் ஏஎஃப்சி கோப்பை அரையிறுதி. எதிரே முந்தைய வருஷம் கோப்பையை ஜெயித்த மலேசியாவின் ஜோகூர் அணி. முதல் கோல் அவர்கள் போட்டார்கள். அப்புறம் எங்கள் சுனில் சேத்ரி இரண்டு, ஹுவானன் ஒன்று, 3-1. அந்தக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு ஓர் இந்திய அணி போனது அதுதான் முதல் தடவை. மறுநாள் காலை வேலை இருக்கிறது என்ற நினைப்பே யாருக்கும் இல்லை. எனக்கும் இல்லை. ஏனென்றால் அப்போது பெங்களூரு மடிவாளாவில் நாலு பேரோடு ரூம். கல்யாணம் ஆகவில்லை. விடிய விடியக் கத்திவிட்டு வந்து படுத்தாலும் கேட்க ஆளில்லை.

அதே ஆள்தான் இப்போது புதன்கிழமை மேட்ச் என்றால் வாட்ஸ்அப் குழுவில் "பார்க்கலாம் மச்சி" என்று போடுகிறேன். "பார்க்கலாம்" என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம். குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

இடையில் என்ன மாறியது? குளிர் மாறவில்லை. குளிரைச் சொல்லித் தப்பிக்கிறோமே தவிர, உண்மையான காரணம் அது இல்லை. போவதில் ஒரு கஷ்டமும் கிடையாது. திரும்பி வருவதுதான் கஷ்டம்.

ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். பொங்கல் முடிந்த மறுவாரம், வார நாள். ஏழரை மணி ஆட்டம். (சில சீசனில் எட்டு மணிக்கு வைத்தார்கள், அந்தக் கொடுமையைத் தனியாக எழுத வேண்டும்.) எனக்கு அன்றைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட், ரெண்டு மணிக்கு விட்டார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, அஞ்சு மணிக்கு பைக்கை எடுத்தேன். ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளி டோல் தாண்டி, பொம்மசந்திராவில் கம்பெனி பஸ்களுக்கு நடுவே நுழைந்து, சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் அரை மணி நேரம் நின்று, ஸ்டேடியம் போய்ச் சேரும்போது தேசிய கீதம் ஓடிக்கொண்டிருந்தது. சரி, இதுவரைக்கும் ஒன்றுமில்லை. மேட்ச் பார்க்கப் போகிறவனுக்குப் போகிற வழியில் களைப்பே தெரியாது.

ஆட்டம் டிரா. ஒன்பதரைக்கு வெளியே வந்து வண்டியை எடுத்தபோது பெட்ரோல் டேங்க் ஐஸ்கட்டி போல இருந்தது. கையுறை கொண்டுபோகவில்லை. ஊருக்குள் இருக்கும்வரை தெரியவில்லை. எலக்ட்ரானிக் சிட்டி தாண்டி ரோடு திறந்ததும் காற்று முழங்காலில் ஊசி குத்துவது போல ஏறியது. சந்தாபுராவில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். டீ சொல்லிவிட்டு, கடைக்காரரிடம் பழைய பேப்பர் கேட்டேன். அவர் எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை, அடுக்கிலிருந்து நாலு தாளை உருவிக் கொடுத்தார். சட்டைக்குள்ளே நெஞ்சோடு சேர்த்து விரித்து ஜெர்க்கின் ஜிப்பை மேலே இழுத்துவிட்டேன். நைட் டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தை இது. கன்னடப் பேப்பர், நெஞ்சில் என்ன செய்தி இருந்தது என்று படிக்கத் தெரியாது. ஓசூர் வரைக்கும் மூச்சு விடும்போதெல்லாம் சரசரவென்று சத்தம்.

வீட்டுக்கு வரும்போது மணி பதினொன்றே முக்கால். படுத்தால் கால் சூடாக ஒரு மணி நேரம். காலை 5.20-க்குக் கம்பெனி பஸ். நாலே முக்காலுக்கு அலாரம் அடித்தபோது வீட்டுக்காரம்மா சொன்னது: "ஏங்க, ஜெயிச்சிருந்தாலாவது பரவாயில்ல." அவ்வளவுதான் சொன்னாள். அதற்கப்புறம் குளிர்கால வார நாள் மேட்சுக்கு நான் போனது ஒரே ஒரு முறை.

எங்கள் பக்கத்து நண்பர்கள் கதை இன்னும் மோசம். கிருஷ்ணகிரியில் இருந்து வருகிறவருக்குப் பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர். ஊருக்குள் ரயிலும் கிடையாது. தர்மபுரிக்காரருக்கு 130 ஆகிவிடும். பாலக்கோட்டு அண்ணன் ஒருவர் எங்களோடு வருவார், டீமை விட்டுக்கொடுக்கவே மாட்டார். ஒரு முறை ராத்திரி பஸ்ஸில் அவரைத் தர்மபுரி ஊருக்குள் விடாமல் பைபாஸிலேயே இறக்கிவிட்டார்கள். ரெண்டு மணி, பனி, ஆட்டோ இல்லை. நடந்தே பஸ் ஸ்டாண்டு போய், முதல் வண்டி வரும்வரை ஒரு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். "மூட்டைக்காரன்கூட என்னைவிட நல்லாப் போத்திக்கிட்டு இருந்தான் தம்பி" என்றார். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வருகிறார். வார நாளில் கூப்பிட்டால் போனையே எடுப்பதில்லை.

"இது உங்கள் ஊர் தூரத்துப் பிரச்சினை, ஐரோப்பாவில் அப்படியா?" என்று நீங்கள் கேட்கலாம். கண்டீரவா எங்களுக்கு வேறு மாநிலம்தான். ஆனால் சென்னை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், இது நாற்பது. சொந்த மைதானம் என்று எதைச் சொல்வது? இருந்தாலும் கேள்வி நியாயமானது. பதிலுக்குக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

இங்கிலாந்தில் கால்பந்துக்கு நேரம் என்றாலே சனிக்கிழமை மதியம் மூன்று மணி. காரணம் ஃபேக்டரி சங்கு. 1850-ல் வந்த தொழிற்சாலைச் சட்டம் ஜவுளி மில்களைச் சனிக்கிழமை ரெண்டு மணிக்கு மூடச் சொன்னது. வேலை விட்ட தொழிலாளி நேராக மைதானத்துக்குப் போனான். ஷெஃபீல்டு வெனஸ்டே என்று ஒரு டீம் இருக்கிறதே, பெயரில் ஏன் புதன்கிழமை? முதலில் அது கிரிக்கெட் கிளப். அதன் ஆட்களுக்கு அரை நாள் லீவு புதன்கிழமை. லீவு என்றைக்கோ ஆட்டம் அன்றைக்கு. நான் ஷிப்ட் பார்க்கிறவன் என்பதாலோ என்னவோ, கால்பந்து வரலாற்றிலேயே எனக்குப் பிடித்த விஷயம் இதுதான்.

அப்புறம் ஃப்ளட்லைட் வந்தது. இங்கிலாந்து லீக் ஆட்டம் ஒன்று முதன்முதலாக விளக்கு வெளிச்சத்தில் நடந்தது 1956 பிப்ரவரியில், போர்ட்ஸ்மத் மைதானத்தில். விளக்கு வந்ததும் வார நாள் ராத்திரிகள் எல்லாம் விற்பனைக்கு வந்துவிட்டன. 1960-ல் லீக் கோப்பை என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள். இன்றைக்கு அங்கே இரண்டாம் டிவிஷனில் ஒரு டீமுக்கு 46 லீக் ஆட்டம். கோப்பை ஆட்டங்கள் தனி. எல்லாவற்றையும் சனி ஞாயிறிலேயே முடிக்க வாரம் போதாது. மேட்சை விளக்கு வெளிச்சத்துக்கு மாற்றிவிட்டார்கள், தொழிலாளியின் காலை ஷிப்டை யாரும் மாற்றவில்லை.

என் பெரியம்மா பையன் இங்கிலாந்தில் மிடில்ஸ்பரோவில் இருக்கிறான். வடக்குக் கடல் பக்கம். டிசம்பரில் மூன்றே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடுமாம். சீசன் டிக்கெட் வைத்திருக்கிறான். அவன் சொன்னது எனக்குப் புதிது: சீசன் டிக்கெட் வாங்கியவன்தான் வார நாள் மேட்சை அதிகம் விடுகிறானாம். பணம் முன்பே கட்டியாகிவிட்டது. இன்றைக்குப் போகாவிட்டால் புதிதாகக் கையை விட்டு எதுவும் போவதில்லை. அன்றைக்கு வரிசையில் நின்று டிக்கெட் எடுக்கிறவனோ, மழையானாலும் வந்துவிடுகிறான். அங்கே பல கிளப்புகள் சொல்லும் கூட்டக் கணக்கு டிக்கெட் விற்ற கணக்குதான், உள்ளே வந்த தலைகளின் கணக்கு இல்லை. அதனால்தான் டிவியில் வரிசை வரிசையாகக் காலி நாற்காலி தெரியும், கீழே எண்ணிக்கை மட்டும் பெரிதாக வரும். அவன் பக்கத்து சீட்டுத் தாத்தா நவம்பர் முதல் பிப்ரவரி வரை சனிக்கிழமைக்கு மட்டும்தான் வருவாராம். அது அவர் டாக்டர் சொன்னதா, அவரே எடுத்த முடிவா என்று கேட்டால் சிரிப்பாராம்.

டிவியைச் சொல்லியே ஆக வேண்டும். அங்கே சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை டிவியில் நேரலை காட்டக் கூடாது என்று பல வருஷமாக ஒரு கட்டுப்பாடு. ஆள் ஸ்டேடியத்துக்குப் போகட்டும் என்பதற்காக. செவ்வாய் ராத்திரிக்கு அந்தத் தடை இல்லை. இங்கே 2023-ல் எங்கள் டீம் ஆடும் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) ஜியோசினிமாவில் இலவசமாகவே வந்தது. போர்வைக்குள் கால், கையில் வறுத்த வேர்க்கடலை, போனில் மேட்ச். இதோடு போட்டி போட வேண்டியது சந்தாபுரா பழைய பேப்பர்.

எல்லோரும் சோம்பேறித்தனத்தால் விடுகிறார்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். கோபத்தில் வராமல் இருப்பவர்களும் உண்டு. 2018 பிப்ரவரி 26, திங்கட்கிழமை ராத்திரி, ஜெர்மனியில் டார்ட்மண்டு–ஆக்ஸ்பர்க் ஆட்டம். 81,000 பேர் கொள்ளும் அந்த மைதானம் வழக்கமாகப் பிதுங்கும். அன்றைக்கு 54,300 பேர். வீட்டில் இருந்தவர்கள் வேண்டுமென்றே இருந்தார்கள். திங்கட்கிழமை ஆட்டம் டிவிக்காக வைப்பது, வேலைக்குப் போகிறவனுக்காக இல்லை என்பது அவர்கள் வாதம். கடைசியில் 2021-22 சீசனிலிருந்து திங்கட்கிழமை ஆட்டங்களையே எடுத்துவிட்டார்கள். நாங்கள் அந்த அளவுக்கு ஒழுங்காகக் கோபப்படக் கற்றுக்கொள்ளவில்லை. "பார்க்கலாம் மச்சி" என்று போட்டுவிட்டுப் படுத்துவிடுகிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது, வெளியே யாரும் அதிகம் பேசாதது. ஸ்டேடியத்துக்கு யாரும் தனியாகப் போவதில்லை. எங்கள் கதையில் ஒரு கார், அஞ்சு பேர். கார்த்திகை பிறந்தால் ஒருத்தன் மாலை போட்டுவிடுவான். விடியற்காலை பச்சைத் தண்ணீரில் குளித்துப் பூஜை, ராத்திரி ஒன்பதரை மணி வரை வெஸ்ட் பிளாக்கில் (எங்கள் ரசிகர்கள் கூடும் மேற்குப் பக்க கேலரி) நின்று கத்தச் சாமியால் முடியாது. டிசம்பர் நடுவில் அரையாண்டுத் தேர்வு, பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க இன்னொருத்தன் வீட்டில் இருக்க வேண்டும். மூன்றாவது ஆளுக்கு செகண்ட் ஷிப்ட். மிச்சம் ரெண்டு பேர். ரெண்டு பேருக்காகக் கார் எடுத்தால் பெட்ரோலும் டோலும் கட்டுப்படியாகாது. அந்த ரெண்டு பேரும் வரத் தயார்தான், ஆனால் வரமாட்டார்கள். ஒரு ஆள் விலகினால் அஞ்சு நாற்காலி காலி. கண்டீரவாவில் ஆட்டக்களத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயத் தடம் வேறு இருக்கிறது, களமே தள்ளித்தான் தெரியும். பாதிக் கூட்டம் என்றால் நாம் போடும் சத்தம் பாதி வழியிலேயே குளிர்ந்துவிடும். அப்படி ஒரு ராத்திரி பார்த்தவன் அடுத்த முறை இன்னும் கொஞ்சம் யோசிப்பான்.

எங்கள் பரம எதிரி கேரளா பிளாஸ்டர்ஸ் வந்தால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. 2023 மார்ச் 3, வெள்ளிக்கிழமை, பிளே-ஆஃப். கூடுதல் நேரத்தில் எதிரணி ஆட்கள் சுவராக நிற்கும் முன்பே சேத்ரி ஃப்ரீ கிக்கைப் போட்டு கோல் ஆக்க, கேரளா டீம் களத்தை விட்டே வெளியேறியது. அன்றைக்கு எங்கள் கார் நிறைந்து, பாலக்கோட்டு அண்ணன் டிக்கியில் உட்காரவும் தயாராக இருந்தார். மறுநாளும் ஷிப்ட் இருந்தது. யாரும் ஷிப்டைப் பற்றிப் பேசவில்லை. பிடித்த விருந்தாளி வந்தால் வீட்டில் தூக்கம் கெடுவதை யார் கணக்குப் பார்ப்பார்கள்? (பிடித்த என்பதைப் பெருந்தன்மையாகச் சொல்கிறேன்.)

2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் பாதை பொம்மசந்திரா வரை வந்தபோது குழுவில் பயங்கர உற்சாகம். ஆரம்பத்தில் 25 நிமிஷத்துக்கு ஒரு வண்டி. ஸ்டேடியத்திலிருந்து வர வேண்டுமானால் ரெண்டு இடத்தில் மாற வேண்டும். பொம்மசந்திராவில் இறங்கியபின் ஓசூருக்கு இன்னும் 15 கிலோமீட்டருக்கு மேல் பாக்கி, நடுவே மாநில எல்லை. இருந்தாலும் சில்க் போர்டு நெரிசலில் நிற்க வேண்டாம். பைக்கைப் பொம்மசந்திராவில் போட்டுவிட்டுப் போகலாமா என்று ஒருத்தன் கேட்டிருந்தான்.

"பார்க்கலாம் மச்சி" என்று போட்டேன். ஆனால் இந்த முறை ஒரு ஜோடி கையுறை வாங்கி டேங்க் கவரில் வைத்திருக்கிறேன்.