தேவகோட்டைப் பக்கம் சொட்டுநீர் மானியம்: குழாய் போடும் முன் என்ன செய்ய வேண்டும்?

3 ஏக்கரில் சொந்தக் காசில் சொட்டுநீர்க் குழாய் போட்டுவிட்டு, அப்புறம் மானியம் கேட்கலாமா என்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். வேலையைத் தொடங்கலாம் என்று துறை தரும் பணி ஆணை வரும் முன் போட்ட குழாய்க்கு மானியம் கிடைக்காது.

தமிழ்நாட்டில் 5 ஏக்கருக்கு உட்பட்ட சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75. சிட்டா, அடங்கல், நில வரைபடம், தாசில்தார் தரும் சிறு விவசாயி சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் வேண்டும். காய்கறி, பழம் என்றால் தோட்டக்கலைத் துறை. கடலை, கரும்பு என்றால் வேளாண்மைத் துறை. பட்டா கூட்டாக இருந்தால் அதை முதலில் கவனியுங்கள். பங்காளிகள் வெளியூரில் இருந்தால் கையெழுத்துக்கே மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும்.

மண், நீர்ப் பரிசோதனையைச் சடங்காக நினைக்காதீர்கள். கிணற்று நீரில் இரும்பு அதிகமென்றால், காற்றுப் பட்டதும் செம்பழுப்பாகப் படிந்து சொட்டும் துளைகளை அடைத்துவிடும். அந்த முடிவைப் பார்த்துத்தான் எந்த வடிகட்டி என்று தீர்மானிக்க வேண்டும்.

சொட்டுநீர்க் குழாய் அமைக்கும் நிறுவனத்தார் நிலத்தை அளக்க வரும்போது கூடவே நடங்கள். மோட்டார் திறன், பயிர் இடைவெளி, மேடு பள்ளம் சரியாகக் குறித்தார்களா பாருங்கள். குழாய் பதித்த பிறகு துறை அலுவலர் வந்து, அந்த அளவை வைத்துப் போட்ட வரைபடத்தோடு ஒப்பிடுவார். அதே நிலத்துக்கு மறுபடி மானியம் 7 ஆண்டுகள் கழித்துத்தான்.