பளபளப்பு எதற்கு?

கேள்வி: என் பழைய மாருதி 800-இல் ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் அடியிலுள்ள பிளாக்குக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு) போய்விட்டது. வீட்டிலேயே கழற்றி, ஹெட்டை மட்டும் லேத் பட்டறையில் கொடுத்து ஃபேஸிங் செய்தாயிற்று (அடிப்பரப்பை மட்டமாகச் சீவியாயிற்று). பிஸ்டன்களைக் கழற்றவில்லை. பிளாக்கின் மேல் பழைய கேஸ்கட் பிசினாக ஒட்டியிருக்கிறது. கிரைண்டரில் நைலான் டிஸ்க் மாட்டித் தேய்த்தால் ஐந்து நிமிட வேலை என்கிறார் நண்பர். செய்யலாமா?
– ஈரோடு வாசகர்

பதில்: வேண்டவே வேண்டாம். பிளாக்கின் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி ஆகும், மறுக்கவில்லை. ஆனால் அந்த வகை டிஸ்க்கில் பெரும்பாலும் இருப்பது அலுமினியம் ஆக்ஸைடு தூள். அது போருக்குள் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளைக்குள்) இறங்கி, ஆயிலோடு கலந்து, பேரிங்கைத் தின்றுவிடும். வண்டி கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடிவிட்டுத்தான் சத்தம் கொடுக்கும் என்பதால் டிஸ்க் மேல் யாருக்கும் சந்தேகமே வராது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமே இதைச் செய்யாதீர்கள் என்று தன் டீலர்களுக்குச் சுற்றறிக்கை விட்டிருக்கிறது.

முதலில் போர், தண்ணீர் வழி, ஆயில் வழி எல்லாவற்றையும் துணியால் அடையுங்கள். கேஸ்கட் ரிமூவரோ தின்னரோ தடவி ஊறவிட்டு, பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டுங்கள். உங்கள் பிளாக் வார்ப்பிரும்பு, தாங்கும். இதே கையோடு அலுமினிய ஹெட் பக்கம் போய்விடாதீர்கள், கோடு விழும்.

அப்புறம் போல்ட் துளைகள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். துளை அடியில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது அது போக வழியில்லாமல் பிளாக்கையே விரியவைக்கும். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் டார்க் ரென்ச் (போல்ட்டை எவ்வளவு முறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) பொய் சொல்லும். பழைய ஹெட் போல்ட் ஒன்றின் மரையில் ரம்பத்தால் நீளவாக்கில் இரண்டு வெட்டு போட்டு, கையால் முறுக்கி இறக்கி எடுங்கள். அழுக்கு அந்த வெட்டில் ஏறி வந்துவிடும். புது டேப் (மரை வெட்டும் கருவி) போடாதீர்கள், மரையைச் சேர்த்து வெட்டும். கடைசியில் காற்றடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், முகத்துக்கு நேரே பீய்ச்சும்.

சரி, இனி மட்டம். ஸ்ட்ரெய்ட் எட்ஜை (துல்லியமான நேர்ச்சட்டம்) பிளாக்கின் மேல் நான்கு ஓரத்திலும் இரண்டு மூலைவிட்டத்திலும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்துப் பாருங்கள். பள்ளிக்கூட ஸ்கேல் இதற்கு ஆகாது. 0.05 மி.மீ. தகடு எங்கேயும் நுழையவில்லை என்றால் நிம்மதி. நுழைந்தால் சர்வீஸ் மேனுவல் சொல்லும் எல்லையைப் பாருங்கள். இரண்டு சிலிண்டருக்கு நடுவே உள்ள ஒடுக்கமான இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும், கேஸ்கட் முதலில் வாய்விடுவது அங்கேதான். தண்ணீர்த் துளை ஓரத்தில் துரு அரித்த குழிகள் இருக்கும். அவை கேஸ்கட்டின் இரும்பு வளையம் உட்காரும் இடம்வரை போயிருந்தால் வீட்டு வைத்தியம் இல்லை, பிளாக்கும் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

துணிகளை எடுத்ததும் கிராங்கைச் சுற்றி ஒவ்வொரு பிஸ்டனாகக் கீழே இறக்கி, போர் சுவரைத் துடையுங்கள். டைமிங் குறியை (கிராங்கும் வால்வை இயக்கும் கேமும் ஒத்து நிற்பதற்கான அடையாளம்) மறுபடி சேர்த்துவிட வேண்டும், மறக்காதீர்கள். அன்றே மூடவில்லை என்றால் லேசாக ஆயில் பூசி வையுங்கள். வெறும் இரும்பு ஒரே ராத்திரியில் துருப்பிடிக்கும். மாட்டும் நேரத்தில் தின்னரால் அந்த ஆயிலைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று அனபாண்ட் (கசிவை அடைக்கும் பசை) தடவச் சொல்வார்கள். மேனுவல் சொல்லாத இடத்தில் ஹெட் கேஸ்கட்டுக்கு அது கூடாது, காய்ந்த கேஸ்கட்டாகவே வையுங்கள்.