ரயில் நிலையத்தில் தங்கும் முன்னாள் படைவீரர்: குடும்பம் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: என் அண்ணன் 17 ஆண்டுகள் ராணுவத்தில் இருந்துவிட்டு, நாயக் தரத்தில் இருந்தபோது முன்கூட்டியே ஓய்வு பெற்று வந்தார். பல ஆண்டுகள் காஷ்மீரில் பணி. ஊருக்கு வந்த பிறகு சரியான உறக்கம் இல்லை. திடீர் கோபம், குடி. அண்ணியோடு ஏற்பட்ட சண்டையில் வெளியேறியவர், இப்போது காட்பாடி ரயில் நிலையத்தைச் சுற்றியே தங்குகிறார். ஆள் வைத்துத் தூக்கிச் சென்று ஒரு குடிமறுவாழ்வு இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அது சரியா?
– வேலூர் மாவட்ட வாசகர்

பதில்: வேண்டாம். இரவில் நான்கு பேர் வந்து மடக்கிப் பிடிப்பது, பதுங்கித் தாக்கும் எதிரியை எதிர்பார்த்தே பல ஆண்டுகள் கண் அயர்ந்த ஒருவருக்கு என்னவாக இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். அத்துடன், முறையான பதிவும் மருத்துவரும் இல்லாத இல்லங்களில் என்ன நடக்கக்கூடும் என்பதற்கு, 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த நிலையில் தீயில் சிக்கி 28 பேர் இறந்ததே சாட்சி. மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் எந்த நிலையிலும் அனுமதிப்பதில்லை.

நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு, அதாவது பி.டி.எஸ்.டி., இருக்கலாம் என்று எண்ண வைக்கின்றன. குண்டுவெடிப்பில் தலையில் பட்ட அடி, மனச்சோர்வு, குடி ஆகியவையும் இதே போன்ற தோற்றம் தரும் என்பதால், மனநல மருத்துவர் நேரில் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும். இந்தக் கோளாறு உள்ள பலர், கெட்ட கனவில் அலறி எழுந்து அருகில் படுத்திருப்பவரை அடித்துவிடுவோமோ, குழந்தைகள் மீது கை ஓங்கிவிடுவோமோ என்ற அச்சத்தில் தாமாகவே விலகிப் போகிறார்கள். அண்ணன் குடும்பத்தை வெறுத்துப் போய்விட்டார் என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வந்துவிடாதீர்கள்.

முதல் சில வாரங்களுக்கு உங்கள் வேலை ஒன்றுதான்: தொடர்பு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது. ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், சாப்பாட்டோடு போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அவர் உறங்கிக்கொண்டிருந்தால் தொட்டு எழுப்பாதீர்கள். கால்மாட்டில் சற்றுத் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். காஷ்மீரில் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். அவருடைய பேட்ச்மேட்டுகளில் ஒருவரையாவது கண்டுபிடித்து அழைத்துச் செல்லுங்கள். முன்னாள் படைவீரர்கள் இவ்வளவு பேர் வாழும் உங்கள் மாவட்டத்தில் அது கடினமல்ல. தம்பியிடம் சொல்ல முடியாததை, அதே முகாமில் இருந்த ஒருவரிடம் சொல்வார்கள்.

அடுத்தது கூரை. குடியை விட்டால்தான் வீட்டுக்குள் வரலாம் என்ற நிபந்தனையே பெரும்பாலான குடும்பங்களில் முட்டுக்கட்டையாக நிற்கிறது. அமெரிக்காவில் வீடற்ற முன்னாள் படைவீரர்களுக்கு முதலில் வாடகை உதவியோடு வீடு, அதைத் தொடர்ந்து சிகிச்சை என்ற முறையைப் பெரிய அளவில் கடைப்பிடித்தார்கள். 2010இல் ஓர் இரவுக் கணக்கெடுப்பில் 74,087ஆக இருந்த எண்ணிக்கை 2024இல் 32,882ஆகக் குறைந்தது. அங்கே அரசு செய்ததை இங்கே குடும்பம் சிறிய அளவில் செய்யலாம். அண்ணியும் பிள்ளைகளும் இருக்கும் வீட்டிலேயே உடனே சேர்க்க வேண்டியதில்லை. நடந்துபோகும் தொலைவில் அமைதியான ஒற்றை அறையை, அவர் சம்மதத்தோடு, அவருடைய ஓய்வூதியத்திலிருந்தே வாடகைக்குப் பிடியுங்கள். சாவி அவர் கையில் இருக்கட்டும்.

குடியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவரை அறைக்குள் பூட்டி ஒரேயடியாக நிறுத்த வைப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் கடுமையான மனக்குழப்பமும் வரக்கூடும். மருத்துவமனைக் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். குடியையும் பி.டி.எஸ்.டி.யையும் ஒரே காலத்தில் கவனிக்க வேண்டும். ஒன்று முடியட்டும், பிறகு மற்றது என்று தள்ளிப்போட்டால் இரண்டும் திரும்ப வரும்.

சிகிச்சைக்கு வழி இருக்கிறது. ஓய்வூதியம் பெறும் முன்னாள் படைவீரர்களுக்காக 2003 ஏப்ரலில் தொடங்கிய ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டத்தில் அவர் உறுப்பினராக இருந்தால், அத்திட்டத்தின் வேலூர் பாலிக்ளினிக்கில் காட்டி, பரிந்துரைக் கடிதம் பெற்று மனநல மருத்துவரிடம் போகலாம். அட்டை தொலைந்திருந்தாலும் காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அதிர்ச்சி நினைவுகளைப் பாதுகாப்பான சூழலில் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் பேச்சு சிகிச்சை, பெரும்பாலும் வாரம் ஒருமுறையாகச் சில மாதங்கள் நடக்கும். செர்ட்ராலின் போன்ற மருந்துகளும் உதவும். உறக்க மாத்திரையை மட்டும் மருந்துக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அதுவும் குடியோடு சேர்ந்தால் பேராபத்து. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். நீங்களும் அழைத்து ஆலோசனை கேட்கலாம்.

தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஓய்வுக்குப் பின் வங்கிகளில் காவலராக வேலை செய்யத் துப்பாக்கி உரிமம் வைத்திருப்போர் பலர். உங்கள் அண்ணனிடம் அப்படி ஏதும் இருந்தால் அதைச் சட்டப்படி ஒப்படைக்க ஏற்பாடு செய்யுங்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அகற்றுங்கள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் அவர் மறுத்தாலும் மருத்துவமனையில் அனுமதிக்க மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது: மருத்துவத் துறையினர் இருவர் தனித்தனியே பரிசோதித்து, அவர்களில் ஒருவர் மனநல மருத்துவராக இருந்து, இருவரும் தேவை என்று சொன்னால் 30 நாட்கள் வரை சேர்க்கலாம். தன்னைக் கவனித்துக்கொள்ள இயலாமல் அலைபவரைக் காவல் நிலையப் பொறுப்பதிகாரி பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். லாக்கப்பில் அடைக்கக் கூடாது. கட்டாயம் தேவைப்பட்டால் வழி இதுதான்.

காகிதங்களையும் கவனியுங்கள். ஆண்டுக்கொருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்காவிட்டால் ஓய்வூதியம் நின்றுவிடும். தெருவில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே நடக்கிறது. சான்று கொடுத்தால் மீண்டும் தொடங்கும். ராணுவ டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஓய்வூதிய ஆணையையும் எடுத்துக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். பணியில் இருக்கும்போதே மனநலத்துக்காக மருத்துவ வாரியத்தின் முன் நின்றிருந்தால், ஊனமுற்றோர் ஓய்வூதியம் கோர முடியுமா என்றும் கேளுங்கள். பணியில் சேரும்போது பதிவாகாத நோய் பின்னர் வந்தால், அது பணியால் வந்தது என்றே பொதுவாகக் கருத வேண்டும் என்று தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. கோரிக்கை மறுக்கப்பட்டால் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாய அமர்வை அணுகலாம்.

உங்கள் அண்ணி அடி வாங்கியிருந்தால், அவரை அனுசரித்துப் போகச் சொல்லி யாரும் வற்புறுத்தக் கூடாது. ஈ.சி.எச்.எஸ். அட்டை அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் உரியதே. அதே பாலிக்ளினிக்கில் அவர்களும் தனியாக மருத்துவரைப் பார்க்கட்டும்.