குடல் நோயும் கொரோனாவும்: மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. திண்டுக்கல் அருகே ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். அல்சரேட்டிவ் கோலைடிஸ் என்னும் பெருங்குடல் நோய்க்குப் பல ஆண்டுகளாக மெசலமைனும் அசாதையோபிரினும் எடுத்து வந்தேன். அசாதையோபிரின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் என்பதால், கொரோனாவின் இரண்டாம் அலை தொடங்கியதும் நானாகவே அதை நிறுத்திவிட்டேன். இப்போது ஒரு வாரமாக நாளுக்கு நான்கைந்து முறை வயிற்றுப்போக்கு. இரத்தமும் கலந்து வருகிறது. மதுரையில் உள்ள மருத்துவரிடம் போகப் பயமாக இருக்கிறது. வீட்டில் மிச்சமிருக்கும் பிரெட்னிசலோன் மாத்திரைகளைப் போட்டுக்கொள்ளலாமா? தடுப்பூசி போடலாமா? மாமியார் கபசுரக் குடிநீர் குடிக்கச் சொல்கிறார்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஜூன் 2021)

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் அந்தப் பழைய பிரெட்னிசலோனை ஓரமாக எடுத்து வையுங்கள், அது ஒரு ஸ்டீராய்டு, மருத்துவர் சொல்லாமல் ஒரு மாத்திரைகூடப் போட வேண்டாம். எந்த மருந்துக்குப் பயப்பட வேண்டுமோ அதை விட்டுவிட்டு, வேறொன்றுக்கு நீங்கள் பயந்திருக்கிறீர்கள். உங்களைப் போன்ற குடல் அழற்சி நோயாளிகளுக்குக் கொரோனா வந்தால் என்ன ஆகிறது என்பதைத் திரட்டுவதற்காக 2020 மார்ச்சில் செக்யூர்-ஐபிடி என்ற உலகளாவிய பதிவேடு தொடங்கப்பட்டது. அதில் முதலில் ஆராயப்பட்ட, 33 நாடுகளைச் சேர்ந்த 525 பேரில், ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கே நோய் தீவிரமாகும் வாய்ப்பு தெளிவாகக் கூடியிருந்தது. அசாதையோபிரினும் முற்றிலும் குற்றமற்றது அன்று. பின்னர் வந்த பெரிய ஆய்வில் அதற்கும் ஓரளவு கூடுதல் அபாயம் தென்பட்டது. ஆயினும் தொற்று இல்லாதவர்கள் அதை நிறுத்த வேண்டாம் என்றுதான் குடல் நோய் வல்லுநர்கள் சொல்கிறார்கள். தொற்று உறுதியானால் மட்டும், மருத்துவர் சொல்லும் காலத்துக்கு நிறுத்தி வைக்கலாம்.

இதற்குக் காரணம் எளியது. அசாதையோபிரின் மெதுவாக வேலை செய்யும் மருந்து. அதன் முழுப் பயன் தெரிய மூன்று மாதங்கள்வரை ஆகும். அதை நிறுத்தினால் அடங்கியிருந்த அழற்சி மீண்டும் கிளம்பக்கூடும், கிளம்பிய அழற்சியை அடக்கப் பெரும்பாலும் ஸ்டீராய்டே தேவைப்படும், ஆக எந்த ஆபத்திலிருந்து விலக நினைத்தீர்களோ அதன் அருகிலேயே போய் நிற்பீர்கள். 'கொரோனா நோயாளிகளுக்கே ஸ்டீராய்டு கொடுக்கிறார்களே' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஆக்சிஜன் தேவைப்படும் நிலைக்குப் போனவர்களுக்கு மருத்துவமனையில் கொடுக்கப்படும் டெக்சாமெதசோன் வேறு கதை.

இன்றே உங்கள் மருத்துவரைத் தொலைபேசியில் அழையுங்கள். தொலைவழி ஆலோசனைக்கு இந்திய மருத்துவர்களுக்கு 2020 மார்ச் முதலே முறையான அனுமதி உண்டு; இரத்த அணுக்கள், கல்லீரல் பரிசோதனைகளைத் திண்டுக்கல்லிலேயே செய்து முடிவுகளை அனுப்பிவிடலாம். நிறுத்திய மருந்தை எப்போது, எந்த அளவில் தொடங்குவது என்பதை அவற்றைப் பார்த்து அவர் முடிவு செய்யட்டும். கொரோனாவும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் என்பதால் அந்தப் பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள். ஆனால் மலத்தில் இரத்தம் வருவது உங்கள் பழைய நோயையே அதிகம் சுட்டுகிறது. ஒரு நாளில் இரத்தத்துடன் ஆறு முறைக்கு மேல் போனாலோ, அதனுடன் காய்ச்சலோ படபடப்போ வயிறு உப்புசமோ சேர்ந்தாலோ தொலைபேசியோடு நிற்காமல், தொற்றுப் பயத்தையும் ஒதுக்கிவிட்டு, மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். அதுவரை உப்பு சர்க்கரைக் கரைசல் குடியுங்கள். போக்கை நிறுத்த லோபராமைடு வேண்டாம். அழற்சி கடுமையாக இருக்கும்போது அது பெருங்குடலை ஆபத்தாக வீங்கச் செய்யக்கூடும். உடல்வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவை குடலைக் கிளறிவிடும், பாராசிட்டமால் போதும்.

தடுப்பூசி அவசியம் போடுங்கள். கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டிலும் உடலில் பெருகக்கூடிய உயிருள்ள கிருமி இல்லை. ஆகவே எதிர்ப்பாற்றல் குறைக்கும் மருந்து எடுப்பவரும் போட்டுக்கொள்ளலாம். சிலருக்குப் பலன் சற்றுக் குறையலாம், அதற்காகத் தள்ளிப்போடுவதில் பொருளில்லை. முகாமின் நீண்ட வரிசையில் கழிப்பறை இல்லாமல் நிற்பது உங்களுக்கு எவ்வளவு பெரிய பாடு என்பது, இந்நோய் இல்லாதவருக்குப் புரியாது. வீட்டில் ஒருவரை முன்னதாக அனுப்பி டோக்கன் வாங்கச் சொல்லுங்கள். நோயைச் சொல்லி முன்னுரிமை கேட்பதிலும் வெட்கமில்லை.

கபசுரக் குடிநீரைப் பற்றி மாமியாரோடு சண்டை வேண்டாம். அதில் சுக்கு, திப்பிலியோடு மலமிளக்கியான கடுக்காயும் சேர்கிறது. ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் வயிற்றுக்கு இப்போது அது ஆகாது என்று அவரிடம் சொன்னால், கடுக்காயை அறிந்த தலைமுறை உடனே ஒப்புக்கொள்ளும்.